கடப்புறத்து மணலில் மீட்டர் 1.2 காட்டினால்: குமரி மாவட்டத்தில் கதிரியக்கத்தைக் கண்காணிப்பது எப்படி?

கேள்வி: மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரை ஊர். ஆன்லைனில் வாங்கிய கைகர் மீட்டர் கடப்புறத்து மணலில் மணிக்கு 1.2 மைக்ரோசீவர்ட் காட்டுகிறது, வீட்டுக்குள் 0.3, நாகர்கோவிலில் 0.15. இது கூடங்குளத்திலிருந்து வருவதா? எங்கள் ஊர்க்காரர்களே தொடர்ந்து கண்காணிக்க முடியுமா? முடியும் என்றால் எதை, எப்படி, எவ்வளவு நாளைக்கு ஒருமுறை அளக்க வேண்டும்?

பதில்:

நீங்கள் சொல்லும் அளவுகளுக்குக் காரணம் மணலில் இருக்கும் தோரியம்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஆனால் அதை உங்கள் மீட்டர் சொல்லவில்லை. அளவு மாறும் விதம்தான் சொல்கிறது. கைகர் மீட்டருக்குள் நுழையும் துகள் மணலின் தோரியத்திலிருந்து வந்ததா, உலையில் உண்டாகும் சீசியத்திலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. எண்ணிக்கை மட்டும்தான் அதன் வேலை. எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை வேண்டுமானால் இரண்டு விஷயம் கையில் இருக்க வேண்டும்: எந்த ஐசோடோப்பு (தனிமத்தின் எந்த அணு வகை) என்ற பகுப்பாய்வு, முன்பு எவ்வளவு இருந்தது என்ற பதிவு. இந்த இரண்டும் இல்லாமல் மீட்டர் எண்ணை வைத்து நடக்கும் எந்த வாதமும் முடிவுக்கு வராது.

முதலில் மணலைப் பார்ப்போம். முட்டம் தொடங்கி கடியபட்டணம், சின்னவிளை, பெரியவிளை, மணவாளக்குறிச்சி, குளச்சல் வழியாக மிடாலம், தேங்காய்ப்பட்டணம் வரை கரையில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், சில்லிமனைட், மோனசைட் ஆகிய கன தாதுக்கள் கலந்து கிடக்கின்றன. மலைப்பாறைகள் சிதைந்து ஆறுகள் வழியே கடலுக்கு வந்து, அலையால் திரும்பக் கரையில் ஒதுக்கப்பட்டவை இவை. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்ததிலிருந்து மணவாளக்குறிச்சியின் பெயர் இந்தத் துறையில் அடிபடுகிறது. கூடங்குளத்தில் முதல் அலகு மின்தொகுப்பில் இணைந்தது 2013-ல்தான். கரையின் கதிரியக்கம் அதற்கு யுகங்கள் மூத்தது.

மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். 9 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். தோரியம் மட்டும் 7.9 சதவீதம். மண்ணில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தோரியம் இருந்தால் கிலோவுக்கு 4.06 பெக்கரெல் (பெக்கரெல் என்றால் நொடிக்கு ஓர் அணு சிதைவது). அப்படியானால் சுத்தமான மோனசைட் ஒரு கிலோவில் தோரியம்-232 மட்டும் சுமார் 3.2 லட்சம் பெக்கரெல். மணலில் வெறும் 1 சதவீதம் மோனசைட் இருந்தாலே கிலோவுக்கு 3,200 பெக்கரெல் ஆகிவிடும். உலகச் சராசரி மண்ணில் இது 45தான்.

தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் எவ்வளவு டோஸ் வரும் என்பதற்கு ஐ.நா. அறிவியல் குழு கொடுத்துள்ள பெருக்கெண்கள்: ரேடியம்-226-க்கு 0.462, தோரியம்-232-க்கு 0.604, பொட்டாசியம்-40-க்கு 0.0417. கிலோவுக்கு எத்தனை பெக்கரெல் என்பதை இவற்றால் பெருக்கிக் கூட்டினால் மணிக்கு எத்தனை நானோகிரே என்று கிடைக்கும் (காமாவுக்குக் கிரேயும் சீவர்ட்டும் தோராயமாக ஒரே எண் என்று வைத்துக்கொள்ளலாம்). 3,200-ஐ 0.604-ஆல் பெருக்கினால் 1,933 நானோகிரே, அதாவது மணிக்கு 1.9 மைக்ரோகிரே. ஆக, உங்கள் 1.2-க்கு 1 சதவீதத்துக்கும் குறைவான மோனசைட் போதும். எந்த உலையையும் கணக்கில் இழுக்கத் தேவையில்லை.

இன்னொரு விஷயம்: கருப்பாக இருந்தால் கதிர்வீச்சு, வெளுப்பாக இருந்தால் இல்லை என்று ஊரில் பேசுவார்கள். கருப்பு நிறம் இல்மனைட்டுடையது. அதில் பெரிய கதிரியக்கம் இல்லை. மோனசைட் தேன் மஞ்சள் நிறத்தில் இருக்கும், கருப்புக்குள் ஒளிந்து கிடக்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கனம் என்பதால் அலை இரண்டையும் ஒரே இடத்தில் ஒதுக்குகிறது. சேர்ந்து வருவது வழக்கம்; ஆனால் நிறத்தை வைத்து அளவு சொல்ல முடியாது.

மீட்டருக்கு வருவோம். மலிவான மீட்டர்களில் இருப்பது ஆற்றல் வேறுபாட்டை ஈடுசெய்யும் வடிகட்டி இல்லாத கண்ணாடி அல்லது மெல்லிய உலோகக் கைகர் குழாய். இவற்றில் வழக்கமாக நான்கு கோளாறுகள் வரும்.

முதலாவது உயரம். மணல் மேல் வைத்தால் ஊடுருவிப் போகும் காமாக் கதிரோடு, கொஞ்ச தூரமே போகும் பீட்டாக் கதிரும் குழாய்க்குள் நுழையும். ஆனால் திரையோ எல்லாவற்றையும் காமா என்று எண்ணி மைக்ரோசீவர்ட் ஆக்கும். எண் தாராளமாகக் கூடிவிடும். எப்போதும் 1 மீட்டர் உயரத்தில், ஒரு மரக்கம்பில் கட்டி அளவெடுங்கள். பீட்டா எவ்வளவு கலக்கிறது என்று பார்க்க, 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டைக் குழாய்க்கும் மணலுக்கும் நடுவே வைத்து ஒருமுறை, எடுத்துவிட்டு ஒருமுறை எண்ணினால் தோராயமாகத் தெரிந்துவிடும்.

இரண்டாவது நேரம். நாகர்கோவில் போன்ற இடத்தில் சிறிய குழாய் நிமிடத்துக்கு 25 தடவை போலத்தான் துடிக்கும். 25-ன் வர்க்கமூலம் 5. ஒரு நிமிட அளவில் 20 சதவீதம் மேலே கீழே ஆடுவது இயற்கை. 5 சதவீதத் துல்லியம் வேண்டுமானால் 400 எண்ணிக்கை சேர வேண்டும். 16 நிமிடம் ஒரே இடத்தில் வைத்திருக்க வேண்டும். ‘காலையில் 0.12, மாலையில் 0.17, ஏதோ கசிந்துவிட்டது’ என்று வாட்ஸ்அப்பில் வருவதில் பெரும்பாலானது இந்த ஆட்டம்தான்.

மூன்றாவது ஆற்றல். மீட்டர்கள் சீசியம்-137-ன் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாவுக்கு அளவுத்திருத்தம் செய்யப்பட்டவை. தோரியம் சிதைந்து ஒன்றன்பின் ஒன்றாக உண்டாகும் தனிமங்களின் தொடரில் 239-ம் உண்டு, 2,614-ம் உண்டு. வடிகட்டி இல்லாத குழாய் குறைந்த ஆற்றலில் கூட்டிக் காட்டும்.

நான்காவது மழை. மழை பெய்யத் தொடங்கியதும் காற்றிலிருக்கும் ரேடான் வாயு சிதைந்து உண்டான வழித்தோன்றல்கள் தரைக்கு வந்துவிடும். அளவு சட்டென்று ஏறி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கும். அவற்றில் ஈய வகையான லெட்-214-ன் அரையாயுள் (பாதி சிதைய ஆகும் நேரம்) 27 நிமிடம், பிஸ்மத்-214-ன் அரையாயுள் 20 நிமிடம். அப்படி வேகமாக இறங்குவதே அது ரேடான் என்பதற்கு அடையாளம். பிறகு மணல் நனைந்து ஊறிவிட்டால் நீர் காமாவைத் தடுப்பதால் வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டும். ஆகவே மழை நாள் அளவையும் காய்ந்த நாள் அளவையும் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

ஊராகச் சேர்ந்து வாங்குவதாக இருந்தால் பத்து மலிவு மீட்டருக்குப் பதில் சோடியம் அயோடைடு படிகம் வைத்த ஒரு சர்வே மீட்டர் வாங்குங்கள். கைகர் குழாயைவிடப் பல மடங்கு எண்ணிக்கை தரும்; ஒரு நிமிடத்தில் நம்பகமான எண் கிடைத்துவிடும். ‘மைக்ரோ ரான்ட்கன்’ அளவில் காட்டும் இந்திய மாடல்கள் உண்டு; 100 மைக்ரோ ரான்ட்கன் என்றால் தோராயமாக 0.87 மைக்ரோகிரே. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அங்கீகரித்த ஆய்வகத்தில் அளவுத்திருத்தச் சான்றிதழ் வாங்கி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பியுங்கள். சான்றிதழ் இல்லாத மீட்டரின் எண்ணை எந்த அதிகாரியும் ஒரே வரியில் தள்ளிவிடுவார். அவர் தள்ளுவதில் நியாயமும் இருக்கும்.

அளக்க வேண்டிய இடங்களை ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால் மாற்றாதீர்கள். ஓர் ஊருக்கு 12 முதல் 15 புள்ளி போதும்: அலை ஏறும் எல்லை, அதற்கு மேலே மணல் மேடு, வலை காய வைக்கும் இடம், கரமடி (கரைவலை) இழுக்கும் இடம், கோயில் முற்றம், பள்ளி விளையாட்டு மைதானம், தார் ரோடு, இரண்டு மூன்று வீடுகளின் முற்றமும் நடு அறையும், ஊருக்கு உள்ளே 2 கிலோமீட்டர் தள்ளி ஒரு தென்னந்தோப்பு. ஒவ்வொரு புள்ளியிலும் 1 மீட்டர் உயரத்தில் பத்து ஒரு நிமிட அளவுகள். சராசரி, அவற்றின் பரவல், தேதி, நேரம், மழை விவரம், மணலின் நிறம், மீட்டர் எண், அளந்தவர் கையெழுத்து. தரையைத் தொட்டும் ஓர் அளவு எடுத்துத் தனிப் பத்தியில் எழுதுங்கள், கலக்காதீர்கள்.

ஆண்டுக்கு நான்கு முறை: மாசி-பங்குனி, வைகாசி தொடக்கம், ஆவணி, கார்த்திகை. இதில் ஆவணி மாதத்தை மட்டும் தவறவிடக் கூடாது. ஆடி அலை மேல் மணலை வாரிக்கொண்டு போன பிறகு கரையில் இறங்கிப் பாருங்கள்: வெளிர் மணலுக்கு நடுவே விரல் தடிமனில் கருப்புப் படலம் படிந்திருக்கும். ஒரு கை அள்ளினால் எடையே வித்தியாசம் தெரியும். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, இல்மனைட்டுக்கு 4.7, மோனசைட்டுக்கு 5. இலேசான மணலை அலை எடுத்துப் போய்விட்டது, கனமானதை விட்டுவிட்டது. வைகாசியில் 0.6 காட்டிய அதே புள்ளி ஆவணியில் அதைப் போல் சில மடங்கு காட்டலாம். வருடம் முழுக்க அளந்து வைத்திருப்பவருக்கு இது பருவம். ஆவணியில் மட்டும் அளப்பவருக்கு இது விபத்து.

மீட்டரோடு நிற்காமல் மூன்று மாதம் தொங்கவிடும் டி.எல்.டி. பட்டைகளையும் வைப்பது நல்லது. டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் தகடு, மூன்று மாத டோஸை மொத்தமாகச் சேர்த்து வைத்து, சூடாக்கும்போது ஒளியாகத் திருப்பித் தரும். அணுமின் நிலையங்களைச் சுற்றி இந்தியாவில் வழக்கமாகப் பயன்படுவது இதுதான். வெயில் படாமல் கருப்பு உறையில், தரையிலிருந்து 1 மீட்டரில் கட்ட வேண்டும். ஊருக்கு 5 பட்டை, ஆய்வகத்துக்குப் போய்வரும் வழியில் சேரும் டோஸைக் கழிக்க ஒன்று கூடுதல். அந்தக் கூடுதல் பட்டையை மறந்தால் மொத்தக் கணக்கும் கோணிவிடும்.

இனி ஐசோடோப்பு. இதற்கு மணல் மாதிரி ஆய்வகத்துக்குப் போக வேண்டும், அதுவும் உயர்தூய ஜெர்மானியம் டிடெக்டர் உள்ள ஆய்வகத்துக்கு. சோடியம் அயோடைடு ஸ்பெக்ட்ரோமீட்டர் போதும் என்று யாராவது சொன்னால், தோரிய மணலுக்குப் போதாது என்று சொல்லுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன், ஏனென்றால் நம் கரையில் தவறான அபாயச் செய்தி பிறக்கக்கூடிய இடம் இதுதான்.

சீசியம்-137-ன் காமா 661.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (இனி வரும் எண்களும் இதே அலகில்). யுரேனியத் தொடரின் பிஸ்மத்-214-க்கு 665.4-ல் ஒரு கோடு, அதாவது அந்த ஆற்றலில் ஒரு காமா. அயோடின்-131-ன் காமா 364.5, லெட்-214-க்கு 351.9. கோபால்ட்-60-ன் 1,173, 1,332 ஆகிய இரண்டுக்கும் இருபுறமும் பிஸ்மத்-214-ன் 1,120, 1,238, 1,377 நிற்கின்றன. சோடியம் அயோடைடு படிகம் 662-ல் சுமார் 7 சதவீதம், அதாவது 46 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அகலத்துக்கு மங்கலாகப் பார்க்கும். இந்தக் கோடுகளெல்லாம் அதற்கு ஒரே மேடு. மென்பொருள் ‘சீசியம் உள்ளது’ என்று அச்சிட்டுக் கொடுத்துவிடும். ஜெர்மானியத்தில் 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் பிரிந்துவிடும்.

ஜெர்மானியத்திலும் ஒரு பொறி உண்டு. பொட்டாசியம்-40-ஐ 1,460.8 கோட்டில் அளக்கிறோம். தோரியத் தொடரின் ஆக்டினியம்-228-க்கு 1,459-ல் 0.83 சதவீதம் வீரியத்தில் ஒரு சிறு கோடு. சாதாரண மண்ணில் யாரும் கவலைப்படுவதில்லை. 3,200 பெக்கரெல் தோரியம் உள்ள மணலில் அந்தச் சிறு கோடே 250 பெக்கரெல் பொட்டாசியம் இருப்பதுபோல் காட்டும். 911 கோட்டிலிருந்து ஆக்டினியத்தை அளந்து அதைக் கழித்திருக்கிறார்களா என்று அறிக்கையில் பாருங்கள். கழிக்கவில்லை என்றால் அந்த ஆய்வகம் நம் மணலைப் பார்த்துப் பழகவில்லை.

மாதிரி எடுக்கும் முறை: ஒரு மீட்டர் சதுரத்தின் நான்கு மூலையிலும் நடுவிலும், உள்விட்டம் அளந்த குழாயை 5 சென்டிமீட்டர் ஆழம் இறக்கி எடுத்து, ஒரு தாளில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு, 1 கிலோவுக்குக் குறைக்கவும். கருப்புப் படலத்தை மட்டும் சுரண்டி எடுத்து ‘எங்கள் கடற்கரை மணல்’ என்று அனுப்பக் கூடாது. வேண்டுமானால் அதைத் தனி மாதிரியாக, அப்படியே பெயரிட்டு அனுப்புங்கள். மோனசைட் அணுசக்தி விதிகளின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள்; ஆகவே கூரியரில் போடும் முன் ஆய்வகத்திடம் எழுதிக் கேட்டு, எவ்வளவு, எப்படி என்று அவர்கள் சொல்லும்படி செய்யுங்கள்.

ஆய்வகத்தில் 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி, சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து 30 நாள் வைப்பார்கள். ரேடான்-222-ன் அரையாயுள் 3.8 நாள், எட்டு அரையாயுள் கழிந்தால்தான் ரேடியத்தோடு சமநிலைக்கு வரும். மூன்று நாளில் ரிசல்ட் தருகிறேன் என்றால் தோரியம் எண் சரியாக இருக்கலாம், ரேடியம்-226 எண் இராது. அடுத்து அடர்த்தி. அளவுத்திருத்தத்துக்குப் பெரும்பாலும் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆர்.ஜி.யூ.-1, ஆர்.ஜி.டி.எச்.-1, ஆர்.ஜி.கே.-1 என்ற, யுரேனியம், தோரியம், பொட்டாசியம் எவ்வளவு என்று தெரிந்த பொடிகளைப் பயன்படுத்துவார்கள். அவை இலேசான சிலிக்கா போன்றவை. நம் கன மணல் அதைப்போல் இரு மடங்கு அடர்த்தி. 239 போன்ற குறைந்த ஆற்றல் காமா டப்பாவுக்குள்ளேயே தடைபடும், தோரியம் குறைவாக வரும். 239, 583, 911 மூன்று கோடுகளிலிருந்து கிடைக்கும் எண்கள் ஒத்துப்போனால் நம்பலாம்; 239 மட்டும் குறைந்தால் அடர்த்தித் திருத்தம் செய்யவில்லை என்று அர்த்தம்.

கூடங்குளம் பற்றிய உங்கள் கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது. உலையிலிருந்து வந்திருந்தால் சீசியம்-134, கோபால்ட்-60, அயோடின்-131, டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) போன்றவை தெரிய வேண்டும். தோரிய மணல் எந்தக் காலத்திலும் சீசியம்-134 தராது. அரையாயுள் 2 ஆண்டுதான் என்பதால் பழைய குண்டு வெடிப்புச் சோதனைகளின் மிச்சமாகவும் இருக்க முடியாது. அதனால் சீசியம்-134 தெரிந்தால் அது உண்மையான செய்தி. சீசியம்-137 மட்டும் கிலோவுக்கு ஓரிரு பெக்கரெல் இருந்தால் பயப்பட வேண்டாம். 1950, 60-களின் வளிமண்டலச் சோதனைகளின் தூசி உலகம் முழுக்க மேல்மண்ணில் கிடக்கிறது. அயோடின்-131 சாக்கடை நீரில் தெரிந்தாலும் முதலில் பக்கத்தில் தைராய்டு சிகிச்சை கொடுக்கும் மருத்துவமனை இருக்கிறதா என்று பாருங்கள்.

கன்னியாகுமரி நகரம் கூடங்குளத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டர். மணவாளக்குறிச்சி சுமார் 45. நிலையத்தைச் சுற்றி 30 கிலோமீட்டர் வரை மண், நீர், மீன், பால், காய்கறி எல்லாவற்றையும் சோதிப்பது பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் சுற்றுச்சூழல் ஆய்வகம். அது நிலைய நிர்வாகத்தின் கீழ் இல்லை. மாவட்டத்தின் கிழக்கு ஓரம் அந்த வட்டத்துக்குள் வரும், உங்கள் ஊர் வராது. நாடு முழுக்க உள்ள ‘ஐ.இ.ஆர்.மான்’ என்ற தானியங்கி காமா நிலையங்களும் அதே மையத்தினுடையவை. மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் கதிரியக்கப் பாதுகாப்பைக் கவனிக்க அதே மையத்தின் பிரிவு உண்டு. இவர்கள் எல்லோரும் அணுசக்தித் துறையின் குடைக்குள் இருப்பவர்கள் என்ற குறை நியாயமானது. அதற்கு மாற்று, அவர்கள் எண்ணைக் கேட்டு வாங்கி, அதே புள்ளியில் வேறொரு ஆய்வகத்தில் அளந்து ஒப்பிடுவது. நம்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டு அளக்காமல் இருப்பதில் யாருக்கும் பயனில்லை.

உணவும் நீரும். கிணற்று நீர் மாதிரிக்கு 2 லிட்டர் பிளாஸ்டிக் கேன். அதே நீரால் மூன்று முறை அலசி, நிரப்பி, நைட்ரிக் அமிலம் சில சொட்டு. இல்லாவிட்டால் உலோக அயனிகள் சுவரில் ஒட்டிக்கொள்ளும். டிரிட்டியத்துக்கும் அயோடினுக்கும் அமிலம் சேர்க்காத தனி பாட்டில். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 குடிநீரில் ஆல்பாவுக்கு லிட்டருக்கு 0.1 பெக்கரெல், பீட்டாவுக்கு 1 என்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் முதல்கட்டச் சோதனை அளவு முறையே 0.5, 1. கடலோரக் கிணற்றில் உப்பு அதிகம் என்பதால் சும்மா ஆவியாக்கி எண்ணினால் ஆல்பா உப்புக்குள்ளேயே மாட்டிக்கொண்டு குறைவாகக் காட்டும். வீழ்படிவு முறையில் செய்யச் சொல்லுங்கள். பீட்டா கூடினால் பொட்டாசியத்தை அளந்து, கிராமுக்கு 28 பெக்கரெல் கழித்த பிறகு பேசுங்கள். மோனசைட் தண்ணீரில் எளிதில் கரையாது. மணலில் தோரியம் கூடுதல் என்பதால் கிணற்றிலும் கூடுதல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மீனில் கவனிக்க வேண்டியது பொலோனியம்-210. அது எந்தக் கடல் மீனிலும் இயற்கையாக உண்டு. சாளை, நெத்தோலியில் குடலோடு சேர்த்து அரைத்தால் கூடும், சதை மட்டும் எடுத்தால் குறையும். கடியபட்டணம் பாறைச் சிப்பியை முழுதாகத் தின்கிறோம், அதனால் முழுதாகவே அளக்க வேண்டும். சாம்பலாக்கும் உலையில் வைத்தால் பொலோனியம் ஆவியாகிப் போய்விடும், ‘இல்லை’ என்று அறிக்கை வரும். நைட்ரிக் அமிலத்தில் கரைத்து வெள்ளித் தகட்டில் படிய வைப்பதே சரியான வழி. அறிக்கையில் பச்சை எடைக்கா, உலர்ந்த எடைக்கா என்று பாருங்கள்; மீனில் இரண்டுக்கும் நான்கு மடங்கு வரை வித்தியாசம். மரச்சீனி (மரவள்ளி), தேங்காய், வாழைப்பழத்தில் பெரிதாகத் தெரிவது பொட்டாசியம்-40. உடம்பு அதைத் தன் அளவில் வைத்துக்கொள்கிறது, அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

ஆலைப் பக்கத்துத் தூசி வேறு விஷயம், கரை மணலைவிட அதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். காமா வெளியிலிருந்து உடம்பைக் கடந்து போகும். மோனசைட் தூசி நுரையீரலில் தங்கும். காற்றை உறிஞ்சும் கருவியில் கண்ணாடி இழை வடிகட்டி வைத்து 24 மணி நேரம் ஓட்டி ஆல்பா எண்ண வேண்டும். எடுத்தவுடன் எண்ணினால் தோரான் (தோரியத் தொடரில் வரும் வாயு), ரேடான் வழித்தோன்றல்கள் எண்ணிக்கையை நிரப்பிவிடும். லெட்-212-ன் அரையாயுள் 10.6 மணி, 4 அல்லது 5 நாள் வைத்திருந்து எண்ணினால் நீண்ட ஆயுள் தோரியம் மட்டும் மிஞ்சும். தென்மேற்குக் காற்றில் ஆலைக்கு வடகிழக்கே ஒன்று, எதிர்ப்புறம் ஒன்று என இரண்டு இடம் வேண்டும். ஒன்று மட்டும் வைத்தால் ஒப்பிட ஒன்றுமில்லை.

உங்கள் வீட்டு 0.3-ஐப் பார்ப்போம். பூச்சுக்கோ தரைக்கோ கடற்கரை மணல் போட்டிருக்கிறார்களா என்று கட்டிய மேஸ்திரியிடம் கேளுங்கள். அறை நடுவில் ஒரு அளவு, சுவரிலிருந்து 10 சென்டிமீட்டரில் ஒரு அளவு. சுவரோரம் கூடினால் மணல்தான். கட்டுமானப் பொருளுக்கு ஐரோப்பாவில் ஒரு குறியீடு: ரேடியத்தை 300-ஆல், தோரியத்தை 200-ஆல், பொட்டாசியத்தை 3,000-ஆல் வகுத்துக் கூட்டினால் 1-க்குள் வர வேண்டும். கருமணல் கலந்த பூச்சு இதைத் தாண்டிவிடும். உப்பில் கம்பி துருப்பிடிப்பதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்தச் சுவரிலிருந்து தோரான் வாயு வரும். அதன் அரையாயுள் 56 நொடி என்பதால் சுவரோரத்தில் நிறைய, அறை நடுவில் கொஞ்சம். டிடெக்டரை எங்கே தொங்கவிட்டீர்கள் என்பதைப் பொறுத்து எண் தலைகீழாக மாறும். அதனால் வாயுவை விட்டுவிட்டு அதன் வழித்தோன்றல்களை, ஆல்பாத் தடம் பதியும் எல்.ஆர்.-115 படலத்தில் மூன்று மாதம் பதிவு செய்வதே சரி. தரை வெடிப்பை அடைத்து, சுவருக்கு நல்ல பெயின்ட் பூசி, கட்டிலைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளிப் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்தாலே கணிசமாகக் குறையும்.

ஆண்டு டோஸ்: வீட்டில் ஒரு நாளைக்கு 19 மணி நேரம், கரையில் 3 என்று வைத்தால் மீட்டர் எண்ணின்படி 2.1-உம் 1.3-உம், சேர்ந்து 3.4 மில்லிசீவர்ட். மீட்டர் காட்டும் அளவு உடம்புக்கான விளைவு டோஸைவிடக் கூடுதல் என்பதால் உண்மையில் 2 மில்லிசீவர்ட்டை ஒட்டி இருக்கும். உலகில் ஒருவருக்கு எல்லா இயற்கை வழிகளிலும் சேர்த்துச் சராசரி 2.4, அதில் நிலத்திலிருந்து வரும் காமா 0.5-க்குக் கொஞ்சம் குறைவு. பொதுமக்களுக்கான 1 மில்லிசீவர்ட் வரம்பு மனிதச் செயலால் கூடுதலாகச் சேர்வதற்கு மட்டும்; இயற்கை மணலுக்கு அதைப் பொருத்தக் கூடாது. ஆலைக் கழிவு மணல் கொட்டிய இடத்துக்குப் பொருத்தலாம், பொருத்தவும் வேண்டும்.

நோய் பற்றி: இதே மாதிரி மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு பின்தொடர்ந்து 2009-ல் வெளியான ஆய்வில் இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அதை வைத்து நம் ஊர்களில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தெருவுக்கு எத்தனை நோயாளி என்று எண்ணி ஆபத்து என்றும் சொல்லிவிட முடியாது. வயது, புகையிலை, வெற்றிலைப் பழக்கம் எல்லாம் கணக்கில் எடுத்து, பதிவேட்டிலிருந்து வர வேண்டிய விடை அது.

கடைசியாக, எப்போது தொடங்குவது. கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் தாது மணல் எடுக்கும் திட்டம் பேச்சில் இருக்கிறது. மோனசைட்டை எடுத்துவிட்டால் கதிர்வீச்சு குறையும் என்பது ஒரு தரப்பு. தோண்டினால் கூடும் என்பது மறு தரப்பு. இடத்துக்கு இடம் இரண்டுமே நடக்கலாம்: தாது நீக்கிய மணலால் நிரப்பிய இடத்தில் குறையும், மோனசைட் செறிந்த கழிவு நிற்கும் இடத்தில் கூடும். தோண்டும் முன் குறைந்தது ஓர் ஆண்டு, நான்கு பருவத்து அளவுகள் கையில் இல்லையென்றால் எது நடந்தது என்று பிறகு யாராலும் நிரூபிக்க முடியாது. ஆகவே இப்போதே கிராமசபையில் தீர்மானம் போட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இவற்றைக் கேளுங்கள்: கடந்த ஐந்து ஆண்டுகளில் உங்கள் ஊர் எல்லைக்குள் எடுத்த காமா அளவுகள், புள்ளிகளின் ஆயத்தொலைவோடு, மண், நீர், மீன் மாதிரிகளில் ஐசோடோப்பு வாரியான எண்கள், கண்டறியும் குறைந்தபட்ச அளவோடு, காற்றுத் தூசியில் நீண்ட ஆயுள் ஆல்பா, மணல் நிரப்பிய இடங்களில் நிரப்புவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள். ‘வரம்புக்குள் உள்ளது’ என்று மட்டும் பதில் வந்தால் மேல்முறையீடு செய்து எண்ணைக் கேளுங்கள். ‘கண்டறியும் அளவுக்குக் கீழ்’ என்று வந்தால் அந்த அளவு எத்தனை பெக்கரெல் என்று கேளுங்கள்.